படத்தில் இல்லாத பன்றி

கயானி இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் பன்றியைப்
பனிவண்டியின் பின்னால் கட்டி இழுத்துப்போவது
வாரத்தில் மூன்று நாள் என் வேலை.
ருஷ்ய எல்லைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.
உறைந்த சதுப்பு, எட்டு மரப்பெட்டிகள்,
பெட்டிக்கு ஒரு நாற்காலி, ஒரு வாளி,
லென்ஸ் நுழையத் துணி தைத்த ஓட்டை.

மாலை ஐந்துக்கு உள்ளே போனால்
காலை எட்டுக்குத்தான் கதவு திறப்பேன்.
இருமக் கூடாது.
வாளி எதற்கென்று யாரும் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை,
இரவு சொல்லிவிடும்.

யோரிஸ் மூன்று வருஷமாக வருகிறார்.
உத்ரெக்டில் பல் மருத்துவர்.
எப்போதும் ஐந்தாம் பெட்டி.
கரடியைச் சுருக்கிக் கீரியோடு சேர்த்துத் தைத்தாற்போல்
ஒரு பிராணி இருக்கிறது எங்களிடம், அஹ்மா.
அதற்காகத்தான் இவ்வளவும்.

போன ஏப்ரலில் கிடைத்தது.
பெரிதாக அச்சிட்டு எனக்கும் ஒன்று அனுப்பினார்,
சவுனாவின் வெளியறையில் மாட்டியிருக்கிறேன்.
விடியலின் நீலப் பனி.
நடுவே ஒற்றைக் கறுப்பு உடல்
முன்கால் ஊன்றி
வானத்தைப் பார்த்து நிற்கிறது.
கீழே அவர் கையெழுத்தில்: ‘தனிமை.’

வெந்நீருக்குக் காத்திருக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.
அது பார்ப்பது வானத்தை அல்ல.
ஏணி வைத்துப் பைன் மரத்தில்
நான் ஆணியடித்த சால்மன் தலையை.
படத்தின் கீழ் விளிம்புக்கு இரண்டு முழம் தள்ளி
பன்றி கிடக்கிறது,
மல்லாந்து, காதில் மஞ்சள் எண்ணோடு.
இடப்பக்கம் என் வண்டித் தடம் இருந்தது.
‘கொஞ்சம் சுத்தம் செய்தேன், ஐலி, கோபமில்லையே’
என்று எழுதியிருந்தார்.

கோபமில்லை.
ஆனால் தனிமை?
அன்று பெட்டிகளில் எட்டுப் பேர்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
காக்கைகள் இரண்டு, சண்டையோடு.
அவளுக்கோ முலை கனத்திருந்தது.
பன்றித் தொடையைக் கவ்விக்கொண்டு
எல்லைக்கு அப்பால் ஓடினாள் என்றால்
அங்கே பனிக்கு அடியில்
வெள்ளையாய் இரண்டோ மூன்றோ வாய்
காத்திருக்கிறது என்று அர்த்தம்.

பொய் என்று சொல்லமாட்டேன்.
ஊலுவில் இருக்கும் தம்பிக்கு நான் எழுதும் கடிதத்திலும்
ஏரி உருகியது வரும், அன்னம் திரும்பியது வரும்,
வங்கியிலிருந்து வந்த கடிதம் வராது.
எங்கே வெட்டுவது என்பது
எல்லோருக்கும் தெரிந்த கலைதான்.
அவர் படத்தில் அந்த நீலம் மட்டும்
எனக்குப் பிடிபடவே இல்லை.
இருபது வருஷமாக அதே பனியில் நடக்கிறேன்,
அப்படி ஒரு நீலத்தை
அதில் நான் பார்த்ததில்லை.
இப்போது பார்க்கிறேன். தினமும்.
அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்,
இன்னும் சொல்லவில்லை.

இந்த ஏப்ரலில் மூன்றாம் நாள் காலை
கதவைத் திறந்தபோது
லென்ஸில் மூடி போட்டிருந்தது.
‘வரவில்லையா?’
‘வந்தாள். நாலடி தூரம். 
ஓட்டைக்குள் நேராகப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள்.’
‘எடுத்தீர்களா?’
இல்லை என்று தலையசைத்தார்.
வாளியை அவரே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.
கால் மரத்திருந்தது, பனியில் தடுமாறினார்.

காப்பியின் இரண்டாவது கோப்பையில்தான் சொன்னார்:
‘மேல் வரிசை, வலது கோரைப்பல்.
வேர்வரை பிளந்திருக்கிறது.
உறைந்த எலும்பைக் கடித்திருப்பாள்.
வலி தாங்க முடியாது, ஐலி,
மனிதன் என்றால் சுவரில் முட்டிக்கொள்வான்.’
கேமரா மேசைமேல் கிடந்தது.
அவர் விரல் தன் தாடையையே தடவிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அடுத்த பன்றி வந்தது.
முந்தின இரவே அதைக் கொட்டகைக்குள் இழுத்து
அடுப்பு மூட்டி உருகவிட்டேன்.
கோடரியை விட்டுக் கத்தியை எடுத்தேன்.
எலும்பிலிருந்து சதையைப் பிரித்து
உள்ளங்கை அளவு,
அதைவிடச் சின்னதாக,
நள்ளிரவு தாண்டியும் வெட்டிக்கொண்டிருந்தேன்.